அளவு ஜாக்கெட்

தனக்கோடி எங்கள் கடையை விட்டுப் போய் மாம்பலத்தில் தனிக்கடை போடப் போகிறாள் என்ற செய்தி வீட்டுக்கு வந்தபோது எனக்குப் பத்து வயது. உலகத்தில் இதைவிடப் பெரிய அநியாயம் நடக்க முடியாது என்று நினைத்தேன். அப்போது உலக யுத்தம் நடந்துகொண்டிருந்தது என்பது வேறு விஷயம். யுத்தம் எங்கேயோ நடந்தது. இது எங்கள் கடையில் நடந்தது.

கடை மயிலாப்பூரில், மாட வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில் இருந்தது. இரண்டு மிஷின் போட்ட தையற்கடை. அப்பா திருநெல்வேலியிலிருந்து பட்டணம் வந்து ஊன்றிய தொழில் அதுதான். பெண்களுக்கு ஜாக்கெட் தைப்பது. ஆனால் அந்தப் பெண்கள் யாரும் கடைப் பக்கம் எட்டிப் பார்க்க மாட்டார்கள். வீட்டிலிருக்கும் பழைய ஜாக்கெட் ஒன்றைப் புதுத் துணியோடு சுருட்டி, பிள்ளைகளிடம் கொடுத்தனுப்புவார்கள். அதற்கு அளவு ஜாக்கெட் என்று பெயர். அதைப் பார்த்து அப்படியே தைக்க வேண்டும். ஆண்பிள்ளை அளவு நாடாவைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் போவதாவது! கொலை விழுந்திருக்கும்.

இதில் ஒரு சங்கடம் இருந்தது. எந்தப் பெண்ணும் தனக்கு இப்போது சரியாக இருக்கும் ஜாக்கெட்டை அனுப்ப மாட்டாள். அதைத்தான் அவள் போட்டுக்கொண்டிருப்பாளே! பெட்டிக்கு அடியில் கிடப்பதை எடுத்து அனுப்புவாள். அது புகுந்த வீட்டுக்கு வந்த புதிதில் தைத்ததாக இருக்கும். நடுவில் மூன்று பிள்ளை பெற்றிருப்பாள். அப்பா அந்தக் கல்யாணப் பெண்ணுக்குத் தைத்து அனுப்புவார். மூன்று பிள்ளைக்காரி போட்டுப் பார்த்துவிட்டு, கை பிடிக்கிறது என்று திருப்பி அனுப்புவாள். அப்பா பழையதைப் புதியதன் மேல் விரித்து, "ஒரு நூல் பிசகியிருக்கா, நீயே பாரு" என்று தூது வந்த பிள்ளையிடம் வாதாடுவார். பிள்ளை மூக்கை உறிஞ்சிக்கொண்டு நிற்கும். கடைசியில் கூலி வாங்காமல் பிரித்துத் தைத்துக் கொடுப்பார்.

துணி வெட்டுவதற்கென்று ஒரு மாஸ்டர் இருந்தவரை எப்படியோ ஓடியது. அவர் பெண்களின் குணம் தெரிந்தவர். உள்ளே தாராளமாகத் துணி விட்டு வெட்டுவார். யுத்தத்தில் பட்டாளத்துக்கு உடுப்புத் தைக்க ஆள் எடுத்தபோது நல்ல சம்பளத்துக்கு அவர் போய்விட்டார். அப்பாவே கத்திரியைக் கையில் எடுத்தார். அப்பாவுக்கு அளவு ஜாக்கெட் சொன்னதுதான் வேதம். துணிக்குக் கட்டுப்பாடு வந்து, ஒரு துண்டு கெட்டால் மறு துண்டு கிடைக்காத காலம் அது. வக்கீல் வீட்டு மாமியின் பட்டுத் துணி இப்படி ஒருமுறை பாழாயிற்று. அந்த மாமி நிறுத்தியதும் அந்தத் தெருவே நிறுத்தியது. பட்டப்பகலில் மிஷின் சும்மா கிடந்தது.

தனக்கோடி எங்கள் கடையில் கொக்கி வைக்கவும் காஜா எடுக்கவும் வந்தவள். இருபது வயதுக்கு மேல் இருக்காது. படிப்பு கிடையாது, வாய் உண்டு. பட்டணத்துப் பெண் என்பதால் அப்பாவையும் நீ என்றுதான் சொல்வாள். ஆரம்பத்தில் அது அப்பாவுக்குச் சுருக்கென்று தைத்தது. பிறகு பழகிவிட்டது.

"இன்னா நைனா, நீ மனுசிக்குத் தெக்கிறியா, பழந்துணிக்குத் தெக்கிறியா?" என்று ஒருநாள் கேட்டாள். "நான் வூட்டுக்குப் போய் அளந்துகினு வரேன். பொம்பளைய பொம்பள அளந்தா யாரு இன்னா சொல்லுவா?"

"நாடாவுல நம்பர் வாசிக்கத் தெரியுமாட்டி உனக்கு? கொக்கியைத் தை" என்றார் அப்பா.

இதை ஒரு வேடிக்கையாக அன்று சாப்பிடும்போது அம்மாவிடம் சொன்னார். கடை விவகாரத்தில் அம்மா வாயே திறக்க மாட்டாள். அன்று ரசத்தை ஊற்றிக்கொண்டே, "போயிட்டுத்தான் வரட்டுமே. நம்பர் வாசிக்க இவ கூடப் போறா" என்று என்னைக் காட்டினாள். அப்பாவுக்கு ரசம் புரைக்கேறியது.

இப்படியாக நானும் தனக்கோடியும் வக்கீல் வீட்டுக்குப் போனோம். மாமி முதலில் முகம் சுளித்தாள். பிறகு என்ன தோன்றியதோ, உள்ளறைக்கு அழைத்துப்போய்க் கதவைச் சாத்தினாள். தனக்கோடி நாடாவைச் சுற்றினாள். நான் எம்பிப் பார்த்து, பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு ஒப்பிக்கும் குரலில், "நாற்பத்திரண்டு!" என்றேன். வெளியே கூடத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"ஏண்டி கொழந்தே, எங்காத்து அளவை ஊருக்கெல்லாம் தமுக்கடிக்கிறயா? போறும், ரெண்டு பேரும் கெளம்புங்கோ!" மாமிக்கு முகம் சிவந்துவிட்டது.

தனக்கோடி அசரவில்லை. நாடாவை என்மேல் எறிந்தாள். அங்கே கிடந்த பழைய செய்தித்தாளிலிருந்து நீளமாக ஒரு பட்டையைக் கிழித்தாள். அதை மாமியைச் சுற்றி வைத்து, முடிகிற இடத்தில் கத்திரியால் ஒரு வெட்டு வெட்டினாள். தோளுக்கு ஒரு வெட்டு, கைக்கு ஒரு வெட்டு.

"நம்பரே வாணாம் மாமி. இதுல இன்னா எழுதிக்கீதுன்னு எங்க நைனாவுக்கும் தெரியாது, உங்க வூட்டுக்காரருக்கும் தெரியாது. எனுக்கு மட்டும்தான் தெரியும்" என்றாள்.

மாமி அந்தக் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். சந்தைச் செய்தியும் தைல விளம்பரமும்தான் அதில் இருந்தன. அவளுக்குப் பரம திருப்தி. பீரோவைத் திறந்து இன்னும் இரண்டு துணி எடுத்துக் கொடுத்தாள்.

அந்தப் பட்டைகளைப் படிக்கத் தெரிந்தவள் தனக்கோடி ஒருத்திதான் என்பதால், வெட்டுகிற வேலையையும் அவளுக்கே கற்றுக்கொடுக்க வேண்டியதாயிற்று. அப்பாவுக்குப் பொறுமை என்பது கிடையாது. திட்டிக்கொண்டே கற்றுக்கொடுத்தார். அவளும் பதிலுக்குப் பதில் பேசிக்கொண்டே கற்றுக்கொண்டாள். முதலில் செய்தித்தாளில் வெட்டினாள், பிறகு பழைய வேட்டியில், பிறகு எனக்கு ஒரு சட்டை. பஃப் கை வைத்து அவள் தைத்த அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு நான் தெருவெல்லாம் சுற்றினேன். கடைக்கு அதைவிட நல்ல விளம்பரம் கிடையாது என்று இன்றும் சொல்வேன்.

ஜாக்கெட்டுகள் திரும்பி வருவது நின்றது. சுவரில் அடித்த ஆணியில் பட்டைகள் பெருகின. யாருடையது என்று தெரிய, அவரவர் ஜாக்கெட் துணியில் ஒரு கிழிசலை நுனியில் கட்டியிருப்பாள். லஸ், ஆழ்வார்பேட்டை, அடையாறு என்று வீடுகள் கூடின. அப்பா மூன்றாவது மிஷின் போட்டார். கொக்கி தைக்க வேறு ஆள் வந்தது. அப்பா வெற்றிலை போட்டுக்கொண்டு, இந்த யோசனையெல்லாம் தனக்கே தோன்றியதுபோல் பேச ஆரம்பித்திருந்தார்.

அப்போதுதான் தனக்கோடி மாம்பலத்தைப் பற்றிச் சொன்னாள். "புச்சு புச்சா வூடு கட்டிக்கினே கீறாங்க நைனா. அத்தினியும் உத்தியோகக்காரங்க வூடு. ஒரு தையக்கட கெடையாது. நீ அங்க ஒண்ணு போடு, நான் பாத்துக்கறேன்."

"கடை ரெண்டுன்னா கவலை நாலு" என்றார் அப்பா.

அவள் விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தாள். அவரும் விடாமல் அதையே சொன்னார். கடைசியில், "அப்ப நானே போட்டுக்கறேன்" என்றாள். அப்பா சிரித்தார். ஒரு பழைய கை மிஷின் வாங்கிவிட்டாள், ஒரு வீட்டின் முன்னறையை வாடகைக்குப் பிடித்துவிட்டாள் என்று தெரிந்த பிறகுதான் சிரிப்பு நின்றது.

"வளர்த்த கடா மாருல பாயுது பாத்தியா" என்று அம்மாவிடம் கத்தினார். "கத்திரி பிடிக்கச் சொல்லிக் குடுத்தவன் நான். அவ போயிட்டா அந்தக் காயிதத்தை எவன் வாசிப்பான்? நம்ம கடைக்குப் பழையபடி பழந்துணிதான்!" அந்தக் குரலில் கோபத்தைவிடப் பயம்தான் அதிகம். எனக்கே அது கேட்டது. 

எங்கள் கடை என்ன ஆயிற்று என்று நீங்கள் கேட்பதற்கு முன்னால் சொல்லிவிடுகிறேன். படுத்துவிடும் என்று நான் காத்திருந்தேன், படுக்கவில்லை. அப்பா இரண்டு பெண்களை வேலைக்கு வைத்து, பட்டை எடுப்பதிலிருந்து வெட்டுவது வரை திட்டித் திட்டிக் கற்றுக்கொடுத்தார். பட்டையைப் படிக்கும் விதத்தை அந்தப் பெண்களுக்குச் சொல்லிக்கொடுக்க, அப்பா நேரில் போய்க் கேட்டதன் பேரில், தனக்கோடியே வந்து போனாள். பிற்காலத்தில் அவர்களில் ஒருத்தியும் தனிக்கடை போட்டாள். அப்போது அப்பா கத்தவில்லை, மிஷின் எங்கே மலிவாகக் கிடைக்கும் என்று விசாரித்துச் சொன்னார். அதெல்லாம் பின்னால் நடந்தது.

தனக்கோடி வெற்றிலை பாக்கு வைத்துக் கடை திறப்புக்கு அழைக்க வந்தாள். அப்பா தலையைத் தூக்காமல், "வேலை கிடக்கு" என்றார். அம்மா தட்டை வாங்கி உள்ளே வைத்தாள். கடை திறந்த அன்று புதுப் புடவை கட்டி, ஒரு ஜாக்கெட் துணியைச் சுருட்டி எடுத்துக்கொண்டு, என்னையும் கூட்டிக்கொண்டு மாம்பலத்துக்கு ரிக்‌ஷா ஏறினாள். நான் வழியெல்லாம் முறைத்துக்கொண்டே போனேன்.

"எனக்கு ஒரு ஜாக்கெட் தைக்கணும். அளவு எடு" என்றாள் அம்மா.

தனக்கோடி வாயைப் பிளந்தாள். "இன்னாம்மா, நைனா தெச்சுத் தர மாட்டாரா?"

"அவரு தைச்சுத் தாராரு. நீ அளவெடு."

திரையை இழுத்துவிட்டார்கள். உள்ளே பட்டை கிழிபடும் சத்தம். பிறகு தனக்கோடியின் குரல்: "ஐய, இன்னாம்மா இது? அக்குள்ல தோலு கன்னிப் போயி காப்பு காய்ச்சிக்கீது!" அம்மா சொன்னது: "மெல்லப் பேசு. வெளிய பிள்ளை இருக்கு." ஏதோ பூச்சி கடித்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு அம்மா அடுப்படியில் நின்ற காலைதான் வீட்டில் வெடித்தது. தன் கை தைக்காத தையல் அப்பாவின் கண்ணுக்குத் தப்புமா?

"எவ தைச்சது இது? நம்ம கடை இருக்கையில அங்க போயித் தைச்சிருக்கியே, ஊரு சிரிக்காதா?"

நான் அப்பா கட்சி. "நானும் கூடத்தான் போனேன். அம்மாதான் கேட்டுத் தைச்சா" என்று எடுத்துக் கொடுத்தேன்.

அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். "கல்யாணத்தன்னிக்குப் போட்ட ஜாக்கெட்டைப் பாத்துத்தான இன்னைக்கு வரைக்கும் எனக்கு வெட்டுதிய? ஊர்ப் பொம்பளைக்கெல்லாம் அளவெடுக்க ஆள் அனுப்புனிய. வீட்டுக்குள்ள ஒருத்தி இருக்கான்னு உங்களுக்குத் தோணல. கடைக்காரன் பொண்டாட்டி கை பிடிக்குன்னு கடையில வந்து சொன்னா, உங்க மரியாதை என்ன ஆகும்? அதான் துட்டுக் குடுத்து வேற கடைக்குப் போனேன்."

  "கையைத் தூக்கு" என்றார் அப்பா. அம்மா தூக்கினாள். கை தலைக்கு மேல் தங்குதடையில்லாமல் போயிற்று. அப்பா கிட்டே போய் அக்குள் தையலைக் கட்டைவிரலால் நீவிப் பார்த்தார்.

"நல்லாத்தான் வெட்டியிருக்கா" என்றார். பிறகு வேறு குரலில், "சொல்லியிருக்கலாம்லா?"

"நீங்க கேக்கலியே" என்றாள் அம்மா.

அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு, சாப்பிடாமல்கூட, மாம்பலத்துக்குக் கிளம்பினார். தனக்கோடியை நாலு கேள்வி கேட்கத்தான் போகிறார் என்று எனக்கு ஒரே குஷி. அம்மா ஏன் அடுப்பை மறந்துவிட்டு, ஒரு காரணமுமில்லாமல் இன்னொருமுறை கையைத் தூக்கி இறக்கிப் பார்த்தாள் என்று மட்டும் புரியவில்லை. அவளை அப்பா இன்னும் கொஞ்சம் திட்டியிருக்கலாம் என்ற குறையோடு நான் பள்ளிக்கூடத்துக்குப் போனேன்.