உறை பிரிக்காத சாவி

எண்பதுகளின் தொடக்கத்தில் தேக்கா சந்தைக்குப் பக்கத்து அடுக்குமாடியில் எங்களுக்கு வீடு கிடைத்தது. ஏழாவது மாடி. நான் அப்போது சைனாடவுனில் ஒரு வக்கீல் ஆபீசில் கிராணி வேலை, அதாவது குமாஸ்தா வேலை பார்த்தேன். பத்து வருடம் ஊரார் வழக்குகளைத் தட்டச்சு செய்தவனுக்குச் சட்டம் தெரிந்துவிடாது. சட்டத்தைப் பற்றிய பயம் மட்டும் நன்றாகப் பிடித்துக்கொள்ளும். அந்தப் பயத்தைத்தான் நான் அறிவு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

குடிவந்த மறு வருடம் ஒரு போலீஸ்காரர் வந்து, ஐந்தைந்து வீடுகளாகச் சேர்ந்து அக்கம்பக்கக் கண்காணிப்புக் குழு அமைக்கச் சொன்னார். யாராவது ஊருக்குப் போனால் மற்றவர்கள் அந்த வீட்டைப் பார்த்துக்கொள்ள வேண்டும். கடிதங்களை எடுத்து வைப்பது, வாசலில் செருப்பு விடுவது, மூங்கில் கழியில் துணி போடுவது, மாலையில் விளக்குப் போடுவது. உள்ளே ஆள் இருக்கிறது என்று திருடன் நம்ப வேண்டும், அவ்வளவுதான். எங்கள் குழுவுக்கு என்னைத் தலைவராகப் போட்டார்கள். ஆங்கிலத்தில் கடிதம் எழுதத் தெரிந்ததைத் தவிர எனக்கு வேறு தகுதி கிடையாது.

அந்தக் கூட்டத்திலேயே எழுந்து கேட்டேன். அடுத்தவர் வீட்டுக்குள் போகிறோம், பிறகு ஒரு மோதிரம் காணோம் என்றால் யார் பொறுப்பு? திருடன் என்று ஒருவனைப் பிடித்துத் தள்ளி அவன் கை உடைந்தால் யார் மேல் கேஸ்? போலீஸ்காரர் சிரித்தார். நல்ல எண்ணத்தோடு செய்தால் ஒன்றும் வராது, பார்ப்பதும் போன் செய்வதும்தான் உங்கள் வேலை என்றார். நல்ல எண்ணத்தோடு செய்துவிட்டுக் கோர்ட்டுப் படி ஏறியவர்களின் வாக்குமூலங்களை வரிசையாகத் தட்டச்சு செய்தவன் நான். அந்தப் பதில் எனக்குப் போதவில்லை.

ஆகவே நானே ஒரு தாள் தயாரித்தேன். வீட்டில் எது தொலைந்தாலும் உடைந்தாலும் குழுவினர் பொறுப்பல்ல. சாவி ஒட்டிய உறைக்குள் இருக்கும், ஒட்டின இடத்தில் வீட்டுக்காரர் கையெழுத்துப் போடுவார். போலீஸ் முன்னிலையில் தவிர உறையைப் பிரிக்கக் கூடாது. உள்ளே போகாமல் விளக்குப் போடுவது எப்படி? அதற்கும் வழி கண்டேன். தாழ்வாரத்து ஜன்னலை ஒட்டி ஒரு மேசைவிளக்கை வைத்துவிட்டால், கண்ணாடிப் பட்டைகளுக்கு நடுவே கையை நீட்டி யார் வேண்டுமானாலும் போடலாம், அணைக்கலாம். கால் வாசற்படியைத் தாண்டாது. என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

அடுத்த வீட்டில் ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருவர் இருந்தார். கத்தோலிக்கப் பெண்மணி. மாடி முழுவதும் அவரை மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவோம். தாளைப் படித்துவிட்டு அவர் சொன்னார்: "வீட்டப் பாத்துக்கச் சொன்னா நீங்க உங்களத்தான் பாத்துக்கறீங்க லா."

தாளில் முதலில் கையெழுத்துப் போட்டவர் கோடி வீட்டு பாய். நாகூர்ப் பக்கம். துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், தனி ஆள். ஒரு சனிக்கிழமை காலை கப்பலில் ஊருக்குக் கிளம்பினார். வீடு வீடாகச் சொல்லிக்கொண்டு, என் கையில் உறையைக் கொடுத்துவிட்டு டாக்சி ஏறினார். விளக்குப் போடும் பொறுப்பை நானும் மிஸ்ஸியும் ஏற்றுக்கொண்டோம். அவருடைய பழைய சிலிப்பரை வாசலில் விட்டேன். அவர் கொடுத்துப்போன ஒரு கைலியைத் தாழ்வாரத்துக் கழியில் மாட்டினேன்.

அன்று மாலை விளக்குப் போடப் போனேன். அது ஏற்கெனவே எரிந்துகொண்டிருந்தது. மிஸ்ஸி முந்திக்கொண்டார் என்று திரும்பிவிட்டேன். மறுநாள் காலையில் அது அணைந்திருந்தது. அதையும் அவர் கணக்கில் சேர்த்தேன்.

ஞாயிறு மத்தியானம் கழியைப் பார்த்தபோது எனக்குக் கொஞ்சம் திக்கென்றது. நான் மாட்டிய கைலி உலர்ந்த கைலி. அதன் பக்கத்தில் இன்னொன்று தொங்கியது. அது நனைந்திருந்தது. மழை இல்லை. சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் ஏழு மாடியும் விழுந்துகொண்டிருந்தது. வாசலில் சிலிப்பருக்கு அருகே ஒரு ஜோடி கறுப்பு ஷூ. மிஸ்ஸிக்கு ராத்திரி ஷிப்ட், பகலில் தூங்குவார், எழுப்பிக் கேட்கவில்லை. இந்த அம்மா ஒரு வேலையை எடுத்தால் இப்படியா இழுத்துப்போட்டுச் செய்வது என்று பாராட்டத்தான் தோன்றியது.

அன்று மாலை விளக்கு எரியவில்லை. நான்தான் கையை உள்ளே நீட்டிப் போட்டேன். உள்ளே காற்று குளிர்ச்சியாக இருந்தது. யாரோ என் கையைப் பார்த்துக்கொண்டிருப்பதாக ஒரு எண்ணம். சட்டென்று கையை இழுத்ததில் மணிக்கட்டுத் தோல் கம்பியில் உரசிக் கிழிந்தது.

திங்கட்கிழமை பல் பிடுங்கிக்கொண்டு, டாக்டர் கொடுத்த எம்சியைக் காட்டி விடுப்பெடுத்து வீட்டில் இருந்தேன். மத்தியானம் மூன்று மணி. பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில், பெரியவர்கள் வேலையில், தாழ்வாரம் முழுக்க வெயிலும் மௌனமும்தான். அப்போது கோடி வீட்டிலிருந்து சத்தம் வந்தது. தகரக் குவளையால் தரையில் தட்டுவதுபோல மூன்று தட்டு. பிறகு நிறுத்தம். மறுபடி மூன்று.

மிஸ்ஸியை எழுப்பினேன். இருவரும் மூடிய கதவின் முன் நின்றோம். அங்கேதான் அவரிடம் விளக்கைப் பற்றியும் கைலியைப் பற்றியும் கேட்டேன். அவர் எதையும் தொடவே இல்லை என்றார். எல்லாம் நான் செய்வதாக அவர் நினைத்திருந்தார். பாய் இந்நேரம் நடுக்கடலில் இருப்பார். அப்படியானால் மூன்று நாளாக அந்த வீட்டில் குடித்தனம் நடத்துவது யார்?

"உறையப் பிரிங்க. திறந்து பாத்துடுவோம்" என்றார் மிஸ்ஸி.

நான் முடியாது என்றேன். உள்ளே திருடன் இருந்து அடிபட்டால் நாம் பதில் சொல்ல வேண்டும். திருடன் இல்லாமல் பொருள் குறைந்தாலும் நாம்தான் பதில் சொல்ல வேண்டும். தாளில் உள்ள வாசகங்களை வரி மாறாமல் ஒப்பித்தேன். அவர் குரலை உயர்த்தினார், நானும் உயர்த்தினேன். பேசிக்கொண்டிருக்கும்போதே தட்டுவது நின்றுவிட்டது. காதைக் கதவில் வைத்தேன். ஒன்றுமில்லை. எனக்குப் பெரிய நிம்மதி. கேட்டீர்களா, தண்ணீர்க் குழாயாக இருக்கும், மேல்மாடிப் பூனையாக இருக்கும் என்றேன். போலீசுக்குப் போன் செய்யலாமே என்றார். குழாய்ச் சத்தத்துக்குப் புகார் கொடுத்து வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட நான் தயாராக இல்லை. வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

செவ்வாய் காலை மிஸ்ஸி ஷிப்ட் முடிந்து, வெள்ளை உடுப்போடு நேரே எங்கள் வீட்டுக்குள் வந்தார். என் அலமாரியைத் திறந்து உறையை எடுத்தார். என்னிடம் கேட்கவில்லை. தாழ்வாரத்தில் நடந்துகொண்டே அதைக் கிழித்தார். சாவி ஒரே திருகில் திரும்பியது. பாய் அடுப்படியில் பக்கவாட்டில் கிடந்தார். கண்கள் திறந்திருந்தன. கையில் குவளை. வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது.

காய்ச்சல் இருக்கிறதென்று துறைமுகத்தில் அவரைக் கப்பலில் ஏற்றவில்லை. எல்லாரிடமும் விடைபெற்றுவிட்டு அன்றைக்கே திரும்பி வந்ததை யாரிடமும் சொல்லக் கூச்சப்பட்டு, தன்னிடமிருந்த இன்னொரு சாவியால் திறந்து உள்ளேயே இருந்திருக்கிறார். கைலியைத் துவைத்துப் போட்டிருக்கிறார். ஞாயிறு சாயங்காலம் விழுந்திருக்கிறார். இருட்டில் கிடந்தபடி, ஜன்னல் வழியாக ஒரு கை வந்து விளக்கைப் போட்டுவிட்டுப் போனதைப் பார்த்திருக்கிறார்.

உயிர் பிழைத்தார். இடது கையும் காலும் போய்விட்டன. திங்களன்றே தூக்கிவந்திருந்தால் கொஞ்சமாவது மீட்டிருக்கலாம் என்று மிஸ்ஸி ஒரே ஒரு முறை சொன்னார். நான் என்ன செய்தேன் தெரியுமா? அந்தத் தாளை எடுத்துக்கொண்டு என் வக்கீலிடம் ஓடினேன். அவர் இரண்டு முறை படித்துவிட்டு, நன்றாக எழுதியிருக்கிறாய், உன்மேல் ஒரு துரும்பும் விழாது என்றார். அன்றிரவு எனக்குத் தூக்கம் வந்தது. அதை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

பாய்க்குப் பேச்சுத் திரும்ப வாரங்கள் ஆயின. ஆரஞ்சுப் பழங்களோடு ஆஸ்பத்திரிக்குப் போனேன். வலக்கையால் என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார். முகத்தில் கோபமே இல்லை. எனக்கு ஏதோ நன்றி சொல்லப்போகிறவர் மாதிரி, வார்த்தை வார்த்தையாகக் கூட்டிச் சொன்னார்.

"நீங்க ரெண்டு பேரும் வாசல்ல பேசுனது நல்லாக் கேட்டுச்சு, கிராணி. ஆளு வந்துட்டீங்க, இனிமே திறந்துருவீங்கன்னுதான் தட்டறத நிறுத்துனேன்."