எந்தக் கால் முதல் கால்

ஏழாம் வகுப்புக்கு மேல் நான் படிக்கவில்லை. இன்று வில்லியனூர்ப் பக்கம் என் லாரி போகாத ரோடு கிடையாது. யாரும் தூக்கிவிடவில்லை, நானே எழுந்து வந்தவன். இதை எந்தச் சபையிலும் சொல்வேன். பாஸ்கெட் பால் யாரிடம் கற்றாய் என்று கேட்டால் மட்டும் எனக்குக் குழப்பம் வந்துவிடும்.

எழுபதுகளின் தொடக்கம். எங்கள் ஊர் மாதா கோயில் பக்கத்தில் ஒரு கம்பம் நட்டு, வண்டிப் பலகையை அடித்து, கொல்லர் வளைத்துக் கொடுத்த வளையத்தை அதில் மாட்டியிருந்தார் சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்திலிருந்து பென்ஷனோடு வந்தவர்களை எங்கள் பக்கம் சொல்தா என்போம். அவர்தான் எங்களுக்குக் கோச். மேட்ச் நடந்தால் ரெஃப்ரியும் அவர்தான். ஊரில் இருந்தது ஒரே விசில், அது அவர் கழுத்தில் இருந்தது.

பந்தோடு ஓடிவந்து கூடையில் போடக் கால் கணக்கு உண்டு. பந்தைக் கையில் பிடித்தபின் இரண்டு அடிதான் வைக்கலாம். மூன்றாவது வைத்தால் பந்து எதிராளிக்கு. பிடிக்கும்போது தரையில் இருக்கிற கால் சேர்த்தி இல்லை என்பது சொல்தா கணக்கு. அதற்கப்புறம்தான் "அன், தே", எகிற வேண்டும். பிரெஞ்சில் ஒன்று, இரண்டு. மூன்று வருஷம் அப்படியே ஓடினேன். பாகூரிலிருந்து ஏம்பலம் வரை என்னைத் தடுக்க ஆள் இல்லை.

சொல்தா பிரான்சில் இருந்த மகனிடம் போய்விட்டார். மாதா கோயிலுக்குப் புதிதாக வந்த சின்னப் பாதிரியார், எங்களுக்குச் சாமியார், காலேஜில் ஆடியவர். அங்கியை இடுப்பில் செருகிக்கொண்டு இறங்கினார். நான் ஒன்று போட்டுக் காட்டினேன்.

"மூணு அடி வெச்சே" என்றார்.

"ரெண்டுதான் சாமி. அன், தே."

"பந்து கைக்கு வந்தப்போ எந்தக் கால் கீழ இருந்துச்சு?"

"இடது காலு."

"அதான் ஒண்ணு."

"அது கணக்குல வராது சாமி. சொல்தா சொன்னாரு."

"விசில் ஊதினது யாரு?"

"அவருதான்."

சாமியார் சிரித்துவிட்டார். என்னோடு ஆடுகிறவன், "இன்னாடா, மூணு வருஷமா மூணு காலுல ஓடிக்கினு இருந்தியா?" என்றான். அவனும் அப்படித்தான் ஓடினான். அது அவனுக்கு ஞாபகம் வரவில்லை.

இப்போது பேரன் போனில் காட்டுகிற ஆட்டத்தில் எல்லோரும் சொல்தா கணக்கில்தான் ஓடுகிறார்கள். அதுதான் ரூல் என்கிறான். சொல்தா சொன்னதுதான் சரியா, சாமியார் சொன்னதும் அன்றைக்குச் சரிதானா? கேட்க இருவருமே இல்லை.

சாமியார் வந்த வருஷம் டவுனில் ஒரு மில் டீமுக்கு ஆள் எடுத்தார்கள். எடுத்தால் மில்லில் வேலை. எனக்கு அப்போது கரும்பு வெட்டு. தோகை கிழித்த கையால் பந்தைத் தொட்டால் எரியும். அந்தக் கரும்புக் கொல்லையை விட்டு வெளியே போக எனக்கு இருந்தது அந்த ஒரே வழி. இரண்டு மாதம் சாமியாரிடம் கால் கணக்கை மாற்றிப் பழகினேன். மெதுவாக நடந்தால் வரும், ஓடினால் பழையபடி அன், தே. முன்பு கண்ணை மூடிக்கொண்டு போட்ட பந்தெல்லாம் இப்போது வளையத்தில் பட்டுத் தெறித்தது.

"பழசை மறந்துடு" என்றார் சாமியார்.

"நான் மறந்துட்டேன் சாமி. காலு மறக்கமாட்டேங்குது."

செலக்‌ஷன் அன்று எல்லோருக்கும் முன்னால் பந்தோடு பறந்தேன். கூடைக்குக் கிட்டே போய்ப் பந்தைப் பிடித்தேன். இந்தக் கால் ஒன்றா, சேர்த்தி இல்லையா? இரண்டு கணக்கும் ஒன்றாக வந்து, கால் அப்படியே நின்றுவிட்டது. நான் எகிறப்போகிறேன் என்று என்னைவிட ஒரு முழம் உயரமான இரண்டு பேர் எனக்கு முன்னே எகிறிவிட்டார்கள். அவர்கள் கீழே வருவதற்குள் பக்கத்தில் சும்மா நின்றவனிடம் பந்தைத் தள்ளிவிட்டேன். அவன் போட்டான்.

மில் கோச் என்னைக் கூப்பிட்டார். "எந்த ஊருப்பா? யாரு சொல்லிக்குடுத்தா இந்த ஏமாத்து வேலை?"

சொல்தா என்பதா, சாமியார் என்பதா? "நானேதான் சார்" என்றேன். எடுத்துக்கொண்டார்.

மறுவாரம் முதல் பிராக்டீஸ். மில் சட்டை போட்டு நிற்கிறேன். கோச் எல்லோரையும் சுற்றி உட்கார வைத்து, "அன்னிக்கு செஞ்சியே, அதை இவனுங்களுக்குச் செஞ்சு காட்டு" என்றார்.

தெரியாமல் செய்ததை எப்படித் தெரிந்து செய்வது? ஓடினேன், பிடித்தேன், நின்றேன். யாரும் எகிறவில்லை. ஒருவன் வந்து பந்தைப் பிடுங்கிக்கொண்டு போனான்.

"பரவால்ல, இன்னொரு தரம்" என்றார் கோச்.

எத்தனை தரம் என்று நினைவில்லை. ஒன்றிலும் வரவில்லை. அப்படியும் மில் வேலையிலிருந்து அவர் என்னை அனுப்பவில்லை. ஏன் என்று கேட்க எனக்குப் பயம், கேட்கவே இல்லை.