கராஜுக்குள் தட்டிய சத்தம்

எனக்கு எழுபத்தொன்பது வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினேன். பள்ளிக்கூடம் மூன்றாம் வகுப்போடு நின்றுபோனதால் என் எழுத்து பெரிதாகவும் கோணலாகவும் இருக்கும். அதைப் பற்றி எனக்கு வெட்கமில்லை. என் காதில் யாரும் குறை சொல்ல முடியாது. ஐந்து பேரும் ஒரே பாயில் படுத்திருக்க, எந்தப் பிள்ளை இருமியது என்று திரும்பிப் பார்க்காமலே சொன்னவள் நான்.

கனடாவில், ஸ்ரௌவ்வில்லில் இளைய மகன் வீடு வாங்கியபோது நானும் என் மனுசனும் அவனோடு வந்து சேர்ந்தோம். வீட்டுக்குப் பின்னால் ஒரு மேடு, அதற்கு அங்கால் வயல். பனி மூடியதும் அந்த வயலில் ஸ்னோமொபைல்கள் ஓடும். மோட்டார்சைக்கிள்தான், சில்லுக்குப் பதிலாக முன்னால் சறுக்குகிற கால்களும் பின்னால் ரப்பர் பட்டியும். இவர் யன்னலடியில் நின்று பார்த்துப் பார்த்தே ஆசைப்பட்டு, பழையது ஒன்றை வாங்கிவிட்டார்.

"இந்த வயசிலை உங்களுக்கு என்ன விளையாட்டு?" என்று கேட்டேன்.

"பனிக்குள்ளை சைக்கிள் உழக்கேலாது தானே," என்றார்.

போன இலையுதிர் காலத்தில் அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். அதற்கு முந்திய மாதங்களில் நினைவு குழம்பியிருந்தது. கராஜுக்குள் போய் அந்த மெஷினோடு நிற்பார். கூப்பிட்டால், "ஆயத்தமா இருக்க வேணும்," என்பார். தேத்தண்ணி ஆறுகிறது என்று சொல்லிக் கையைப் பிடித்து உள்ளே கூட்டிவருவேன்.

இந்த மாரியில் ஏரி நன்றாக உறைந்ததும் மகனுக்கு ஒரு எண்ணம் வந்தது. தகப்பனுடைய மெஷினில் தன் மகளை ஏற்றிக்கொண்டு சிம்கோ ஏரிக்குப் போய், பனிக்கட்டியில் துளை போட்டு மீன் பிடிப்பதாம். என் பேத்தி சந்தோசத்தில் துள்ளினாள். ஒரு பின்னேரம் கராஜ் கதவைத் திறந்து போர்வையை இழுத்துவிட்டு எஞ்சினை இயக்கினான்.

முதலில் கலகலவென்று ஒரு சத்தம். அது எனக்குப் பழக்கமானது. அவர் இருந்த காலத்திலும் மெஷின் நின்றபடி உறுமும்போது கிளச்சுக்குள் அப்படித்தான் கலகலக்கும். பிறகு மகன் அதைப் பின்வளவுக்குக் கொண்டுபோய் மேட்டில் ஏற்றினான். பாரம் இழுத்து ஏறும்போது உள்ளுக்குள் இருந்து வேறொன்று கேட்டது. டக், டக், டக். தகரக் கதவை விரல் முட்டியால் தட்டுவது போல.

என் மனுசன் தன் வீட்டுக் கதவையும் தட்டிவிட்டுத்தான் திறப்பவர். நாற்பது வயதில் அடுப்படிக் கதவைத் தட்டியவர், எழுபது வயதில் படுக்கையறைக் கதவையும் தட்டினார். அந்தத் தட்டலை எனக்குத் தெரியாதா? கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"தம்பி, நிப்பாட்டு. உள்ளுக்கை ஏதோ தட்டுது."

"பழைய எஞ்சின், அம்மா. கிளச் அப்பிடித்தான் கத்தும்."

"கிளச்சின்ரை கத்தல் எனக்குத் தெரியும். உது வேறை."

அவன் கையுறையைக் கழற்றிக்கொண்டே மெதுவாகச் சொன்னான்: "அப்பாவை நினைச்சுக்கொண்டு கேக்கிறியள், அம்மா. அதுதான்."

அவன் சொன்னது என்னைச் சுட்டது. ஏனென்றால் அது உண்மையாகவும் இருக்கலாம். அன்று முழுக்க வீட்டில் எங்கே இருந்தாலும் அந்தத் தட்டல் எனக்குக் கேட்டது. எஞ்சின் நின்று, கராஜ் பூட்டி, மெஷின் ஆறிப்போன பிறகும் கேட்டது. என் காதுதான் பொய் சொல்கிறதென்றால் அவர்கள் ஏரிக்குப் போகலாம். காது பொய் சொல்லவில்லையென்றால், கரை தெரியாத ஏரியின் நடுவில் அந்த எஞ்சின் நின்றுவிட்டால், பிள்ளை அந்தக் குளிரில் என்ன செய்யும்? என் மேலேயே எனக்கு நம்பிக்கை இல்லாமல் போனது அன்றுதான்.

"பார்க்கத் தெரிஞ்ச ஆள் பார்த்துச் சொல்லுமட்டும் பிள்ளையை ஏத்த விடமாட்டன்," என்று மகனிடம் சொல்லிவிட்டேன்.

ஒஷாவாவில் என் மனுசனுடைய பழைய கூட்டாளி ஒருவர் இருக்கிறார். ஊரில் வள்ள எஞ்சின் திருத்தியவர், இங்கே பனி மெஷின்கள் திருத்துகிறார். அடுத்த நாளே வந்தார்.

"அக்கா, கோழிக்கறி வைச்சால் பாதிச் சத்தம் தன்ரபாட்டிலை நிண்டுபோம்," என்றபடியே சப்பாத்தைக் கழற்றினார்.

"மிச்சப் பாதியைத் திருத்தினால்தான் கறி."

பக்கத்து மூடியைத் திறந்து, கிளச்சில் மாட்டியிருந்த பெல்ற்றைக் கழற்றினார். பெல்ற் இல்லாமல் எஞ்சினைச் சும்மா உறும விட்டார். "இப்ப பின்பக்கம் ஒண்டும் சுத்தாது. எஞ்சினும் முன் கிளச்சும் மட்டும்தான்," என்றார். கலகல மட்டும் அப்படியே இருந்தது. "உது கிளச்சுக்குள்ளை கிடக்கிற பாரங்கள் ஆடுறது. வேகம் பிடிச்சால் அடங்கிப்போம். உதாலை ஆபத்தில்லை." திருப்புளியின் நுனியை எஞ்சினில் ஊன்றி, பிடியில் காதை வைத்துக் கேட்டார். தட்டல் இல்லை. மகன் என்னைப் பார்த்தான். நான் நிலத்தைப் பார்த்தேன்.

பிறகு பெல்ற்றை மாட்டி, எஞ்சின் நன்றாகச் சூடேறிய பிறகு மகனை மேட்டில் ஏறச் சொன்னார். டக், டக், டக்.

"கேட்டுதோ?" என்று நான் அவரைக் கேட்டேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"ஓம், அக்கா. வடிவாக் கேட்டுது."

அழுகை வந்தது. அடக்கிக்கொண்டேன்.

அவர் கையைக் காட்டி மகனை இறக்கினார். "குளிருக்குத் தட்டி, சூடேற நிண்டால் பிஸ்ரன் தேய்ஞ்சிருக்கு எண்டலாம். உது சூட்டிலை, பாரம் இழுக்கத்தான் தட்டுது. உள்ளுக்கை எரியிற எரிவு பிழை. டாங்கிலை என்ன கிடக்கு?"

மகன் டாங்கின் மூடியைத் திறந்தான். நாங்கள் மூன்று பேரும் குனிந்தோம். பேத்தியும் இடையில் தலையை நீட்டினாள்.

அவள்தான் முதலில் மூக்கைப் பொத்தினாள். "யக்! வட் இஸ் தற், அப்பாச்சி?"

"மண்ணெண்ணெய், பிள்ளை," என்றேன்.

யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வரவிடாத சண்டைக் காலத்தில் மோட்டார்சைக்கிள்கள் எல்லாம் மண்ணெண்ணெயில்தான் ஓடின. எஞ்சின் இயங்குவதற்கு மட்டும் ஒரு சொட்டுப் பெற்றோல். அவை இப்படித்தான் தட்டித் தட்டி, புகைத்துப் புகைத்து ஓடும். ஷெல் விழத் தொடங்கினால் இவர் முன்னுக்கு ஒரு பிள்ளை, பின்னுக்கு என்னையும் இரண்டு பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு வெளிக்கிடுவார். திரும்பி வந்து மற்ற இரண்டையும் ஏற்றுவார். இந்த மகன் அப்போது என் மடியில் இருந்தவன். அந்த மணம் அவனுக்கும் தெரிந்திருந்தது.

"அண்ணை கரண்ட் போனால் ஹீற்றருக்கு எண்டு கேன் வைச்சிருந்தவர் எல்லே," என்று ஒஷாவாக்காரர் சொன்னார். "இருந்த பெற்றோலுக்கு மேலை அதைத்தான் ஊத்தியிருக்கிறார்."

டாங்கை வடிப்பதற்கு முன் இருக்கையைத் தூக்கினார்கள். அடியில் ஒரு கடைப்பை இருந்தது. பிஸ்கற் பைக்கற் ஒன்று, ரோச் லைற் ஒன்று, என்னுடைய கம்பளிக் காலுறை ஒரு சோடி. அந்தக் காலுறையை நான் எத்தனை நாள் தேடினேன்!

ஆயத்தமாக இருக்க வேண்டும் என்று அவர் சொன்னது எதற்கென்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. அந்த மனுசன் கராஜுக்குள் நின்று எங்களைக் கூட்டிக்கொண்டு ஓட வெளிக்கிட்டிருக்கிறார். நான் தேத்தண்ணிக்குக் கூப்பிட்டிருக்கிறேன்.

மகன் இருக்கையைப் பிடித்தபடியே கேட்டான்: "உதோடை ஏரிக்குப் போயிருந்தால், அங்கிள்?"

"பிஸ்ரனிலை ஓட்டை விழுந்திருக்கும். நடு ஏரியிலை நிண்டிருப்பியள்."

பிளக்குகளைக் கழற்றி உள்ளே லைற் அடித்துப் பார்த்தார். பிஸ்ரன் தப்பியிருந்தது. டாங்கை வடித்து, புதுப் பெற்றோல் விட்ட பிறகு மகன் மறுபடி மேட்டில் ஏறினான். எஞ்சின் ஒரே குரலில் இழுத்துக்கொண்டு போனது. நான் காது கொடுத்துக் காத்திருந்தேன். தட்டல் வரவில்லை. நிம்மதி என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் கோழிக்கறி ஆக்கும்போதும் என் காது கராஜ் பக்கமே இருந்தது.

அடுத்த சனிக்கிழமை அவர்கள் ஏரிக்குப் போனார்கள். அந்தப் பையில் பழைய பிஸ்கற்றை எடுத்துவிட்டுப் புதிது வைத்து, காலுறையையும் உள்ளேயே விட்டு, இருக்கைக்கு அடியில் நானே செருகினேன். பின்னேரம் இரண்டு சின்ன மீனோடும் சிவந்த மூக்கோடும் வந்து சேர்ந்தார்கள். காலுறையைப் பேத்தி போட்டிருந்தாள்.

வடித்த மண்ணெண்ணெய் இன்னும் கராஜ் மூலையில் கேனில் இருக்கிறது. கழிவு எடுக்கிற இடத்தில் கொடுக்க வேண்டும் என்று மகன் சொல்லிக்கொண்டே இருக்கிறான். இன்னும் கொஞ்ச நாள் கிடக்கட்டும் என்கிறேன். சில வேளை அங்கே போய் நிற்பேன். ஒன்றும் தட்டுவதில்லை. அந்த மணம் மட்டும் இருக்கும்.

பேத்திக்குத் தமிழ் எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரியும். இங்கே வா, குஞ்சு. அப்பாச்சி எழுதினதை ஒருக்கா வாசி. கெதியா வேண்டாம், ஆறுதலா, சத்தமா வாசி. எனக்குக் கேக்க வேணும்.