துவாய்க்குள் மறைத்த காது

ஐம்பத்தெட்டு வயதுமட்டும் தலையிடிக்கு ஒரு குளிசை போடாத ஆள் நான். போன வருசம் வயல் வெட்டி முடிஞ்ச கையோட காச்சல் பிடிச்சுது. விடும், வரும். மூட்டெல்லாம் நோ. பிறகு ரெண்டு காதும் சிவந்து வீங்கி, தொட்டால் உயிர் போகும். முதல்ல களைநாசினியில சந்தேகப்பட்டன். பிறகு கிணத்துத் தண்ணியில. பிறகு பக்கத்து வளவுக்காரன்ர கண்ணில.

மகளோடதான் ஆஸ்பத்திரிக்குப் போனது. "மரபணுவில ஒரு மாற்றம் இருக்கும்போல கிடக்கு, ஐயா. இரத்தத்தை அனுப்பிப் பாப்பம்" எண்டா டொக்டர். எனக்கு அது போதும். வீட்டை வந்து, செத்துப்போன அப்பாவின்ர படத்தைச் சுவரால கழட்டி, கண்ணாடியைப் போட்டு அவற்ற காதைப் பாத்தன். தடிச்ச மாதிரித்தான் தெரிஞ்சுது. அட கடவுளே, அவர் எனக்குத் தந்திருக்கிறார், நான் என்ர பிள்ளைக்குக் குடுத்திட்டன் எண்டு முடிவு கட்டிட்டன்.

அந்த நேரம் பாத்துத்தான் மகளுக்கு முருங்கனில ஒரு சம்பந்தம் சரிவந்தது. அவளுக்கும் நல்ல விருப்பம். மாப்பிள்ளை வீட்டார் வந்த அண்டைக்குத் துவாயால காதை மூடித் தலையில கட்டிக்கொண்டு இருந்தன். மாப்பிள்ளையின்ர தாய்மாமன் தேத்தண்ணியைக் குடிச்சுப்போட்டு, "என்னண்ணை, இந்த வெக்கைக்குள்ள தலைக்கட்டு?" எண்டார். ஆரோ போட்டுக்குடுத்திட்டாங்கள், மனுசன் வேவு பாக்கத்தான் வந்திருக்கு! அவையள் வேண்டாமெண்டு சொல்லி ஊர் சிரிக்கமுன்னம் நான் முந்தினன். வேற சாத்திரியாரிட்டைக் காட்டினனான், சாதகம் பொருந்தேல்லை எண்டு சொல்லியனுப்பினன். மகளுக்கும் அதைத்தான் சொன்னனான். அவள் நம்பினாள்.

மூண்டு மாசத்தால இரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. "இது தாய் தகப்பன் தந்ததில்லை, ஐயா. வயது போகேக்க உங்கட எலும்பு மச்சையில தானா வந்த மாற்றம். பிள்ளையளுக்குப் போகாது" எண்டா டொக்டர். "வடிவாத் தெரியுமோ?" எண்டு ரெண்டு தரம் கேட்டன். எனக்கு இது லேசில மாறாது எண்டும் சொன்னா. அதை நான் பெரிசா எடுக்கேல்லை.

அதுக்குள்ள மாப்பிள்ளைக்கு வேற இடத்தில கலியாண எழுத்து முடிஞ்சிருந்தது.

வீட்டை வந்து, உனக்கு ஒண்டும் வராதாம் பிள்ளை எண்டன். சாதகக் கதை பொய் எண்டும் சொன்னன். அவள் அரிசி கழுவிக்கொண்டு நிண்டாள். நிமிரேல்லை.

"உங்கட காதைப் பற்றி அவருக்கு, போனில கதைச்ச முதல் நாளே சொன்னனான், அப்பா. எனக்கும் வரலாம் எண்டும் சொன்னனான். 'அதுக்கென்ன, ரெண்டு பேரையும் நானே கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போறன்' எண்டவர்."