ஏழு ஒன்றுகள்

வீட்டைச் சூடாக்கும் ரேடியேட்டரின் மேல் காயப்போட்ட கம்பளிக் கையுறைகளின் ஈரமணம் மூக்கில் ஏறினால், எனக்கு இன்றும் 1111111 என்ற எண்தான் நினைவுக்கு வரும். எழுபதுகளின் நடுவில், டோர்செட் பார்க் அடுக்குமாடி ஒன்றின் பத்தாம் மாடியில் நாங்கள் இருந்தோம். ஒன்பதாம் மாடியில் திருச்சியிலிருந்து வந்த கோமதி. இருவருக்கும் பதினொரு வயது. அவளுடைய தாயும் தகப்பனும் வேலையிலிருந்து வர ஆறு மணியாகும். அதுவரை பூட்டிய வீட்டுக்குள் தனியே இருக்க அவளுக்குப் பயமோ பயம்.

என் அம்மாவுக்கு முதியோர் இல்லமொன்றில் இரவு வேலை, பகலில்தான் தூக்கம். சத்தம் போடும் பிள்ளைகளுக்கு எங்கள் வீட்டில் இடமில்லை. ஆனால் நாங்கள் போட்டுக்கொண்டிருந்ததைப் பள்ளிக்கூடக் கணக்கென்று நினைத்து, "உந்தக் கணக்கு முடியுமட்டும் அவள் வரட்டும். முடிஞ்சால் அவரவர் வீட்டில இருங்கோ, நான் படுக்கவேணும்" என்று சொல்லிவிட்டார்.

ஒன்றுகளை அடுக்கி, அந்த எண்ணை வேறு எண்ணால் மீதியின்றி வகுத்து "உடைப்பது"தான் எங்கள் கணக்கு. 111-ஐ மூன்று உடைத்தது, 1111-ஐப் பதினொன்று, 11111-ஐ நாற்பத்தொன்று. ஏழு ஒன்றுகள் மட்டும் அசையவில்லை. 1054 வரையுள்ள பகா எண்களால் வகுத்துப் பார்த்தாலே போதும் என்று கோமதிதான் கண்டுபிடித்தாள், கெட்டிக்காரி. மொத்தம் நூற்றெழுபத்தேழு எண்கள். ஒன்றுவிட்டு ஒன்றாகப் பங்குபோட்டு, நான் "கொப்பி" என்றும் அவள் "நோட்டு" என்றும் சொன்ன ஒரே புத்தகத்தில், நாளுக்கு மூன்று நான்காக, மூச்சுக்காட்டாமல் வகுத்தோம். ஜனவரியில் தொடங்கி, கடைசி எண்ணுக்கு வந்தபோது பனி கரைந்து, வெளியே விளையாடும் காலம் வந்துவிட்டது. எல்லாவற்றிலும் மிச்சம். உடையாத எண் என்று பெருமையாக அறிவித்தோம். அந்தக் கோடையில் கோமதி வீட்டார் வான்கூவருக்குப் போய்விட்டார்கள்.

ஏழு ஒன்றுகளை உடைக்கும் பகா எண், ஏழால் வகுத்தால் ஒன்று மிஞ்சுவதாகத்தான் இருக்கவேண்டும் என்பதைப் பல்கலைக்கழகத்தில் படித்தேன். அப்படிப்பட்டவற்றை மட்டும் போட்டுப் பார்த்தேன், எட்டாவதே உடைத்துவிட்டது. 239-ஐ 4649-ஆல் பெருக்கினால் ஏழு ஒன்றுகள். கொப்பியைத் தேடியெடுத்தேன். 239 கோமதியின் பங்கு; எதிரே அவளுடைய குண்டு எழுத்தில் "மிச்சம் 3". என் பிழைகளுக்கெல்லாம் தலையில் குட்டியவளா இப்படிக் கோட்டைவிட்டாள்? எனக்குத் தாங்கவில்லை. தொலைபேசியில் கூப்பிட்டு, "239-இல பிழை விட்டிட்டாய், தெரியுமோ?" என்றேன்.

"தப்பெல்லாம் இல்லடி. மிச்சமே வரல. அன்னிக்கே சொல்லியிருந்தா, மறுநாள்லேர்ந்து நான் தனியா உக்காந்திருக்கணும்" என்றாள்.

எனக்குக் கோபம் வரவில்லை, அழுகைதான் வந்தது.

இப்போது அந்தக் கட்டடத்தில் ரேடியேட்டர்கள் இல்லை. கொப்பியும் ஒரு வீடு மாற்றத்தில் தொலைந்துபோயிற்று. தொலைவதற்கு முன் ஒருநாள் உட்கார்ந்து, 239-க்குப் பிறகு கோமதியின் பங்காக வந்த அறுபத்திரண்டு எண்களையும் நான் சரிபார்த்திருந்தேன். முடிவு தெரிந்தபின் அவள் வகுத்த அந்த அறுபத்திரண்டிலும் ஒரு பிழைகூட இல்லை.