டிராகன் குஞ்சு பெரிதாக வேண்டிய ஞாயிறு

போன வாரம் என் மகள் செல்போனை என் முகத்துக்கு நேரே நீட்டி, "அப்பா, முட்டை உடைஞ்சு மூணே நிமிஷத்துல பெருசாயிடுச்சு பாரு" என்றாள். திரையில் ஒரு டிராகன் சிறகை விரித்து நின்றது. "நல்லா இருக்கும்மா" என்று சொல்லிவிட்டு எழுந்து பால்கனிக்குப் போய்விட்டேன். நாற்பதைத் தாண்டியவனுக்குப் பொம்மை டிராகனைப் பார்த்து உள்ளங்கை வேர்க்கிறது என்றால் நீங்கள் சிரிப்பீர்கள். சிரியுங்கள். நானும் ஒரு காலத்தில் ஒன்றை வளர்த்தவன்தான்.

அது 2005 கோடை. மரக்காணம் உப்பளம் ஒன்றில் லாரிக்கு லோடு ஏற்றுவதைப் பார்த்துக்கொள்ளும் வேலை எனக்கு. கடல் ஊருக்குள் வந்துபோய் ஆறு மாதம்கூட ஆகவில்லை. அலை கொஞ்சம் சத்தமாக அடித்தாலே டீக்கடையில் பேச்சு நின்றுவிடும். சேறும் உப்பும் சேர்ந்து வெயிலில் ஒரு வாடை வரும். முன்பெல்லாம் அது எனக்கு வேலையின் வாடை. அந்த வருஷம் அது கடலின் வாடையாகிவிட்டது.

பயத்தை மறக்கத்தான் நாங்கள் மூன்று பேரும் விளையாட ஆரம்பித்தோம். அமலா என்னோடு படித்தவள். குயிலாப்பாளையத்தில் ஒரு விடுதியில் ரிசப்ஷனில் இருந்தாள். அங்கே தங்கிய யாரோ ஒரு வெள்ளைக்காரர் விட்டுப்போன தடித்த விளையாட்டுப் புத்தகத்தையும், இருபது முகம் உள்ள ஒரு பகடையையும் கொண்டுவந்தவள் அவள்தான். இங்கிலீஷ் புத்தகத்தைப் படித்துக் கதை சொல்பவன் கோட்டக்குப்பத்து ஜப்பார். ஞாயிறு மத்தியானம் உப்பளத்து ஓலைக் கொட்டகையில் உட்காருவோம். ஜப்பார் கதை சொல்ல, நாங்கள் அதற்குள் நடக்க வேண்டும். என்ன செய்கிறோம் என்று நாம் சொல்லலாம், நடக்குமா என்பதைப் பகடை சொல்லும்.

எனக்குக் கிடைத்தது ஒரு கடல் டிராகன் குஞ்சு. ஒரு ஞாயிறு போனால் அதற்கு ஒரு வயது. குஞ்சு, இளசு, முழுசு, கிழம் என்று புத்தகத்தில் அட்டவணையே இருந்தது. வயது ஏற ஏற உடம்பும் வளரும், மூச்சில் நெருப்பும் வளரும்.

"குஞ்சா இருக்கற வரைக்கும்தான்டா உன் பேச்சைக் கேக்கும்" என்றான் ஜப்பார். "முழுசா வளர்ந்துட்டா அதுக்குன்னு ஒரு புத்தி வந்துடும். வளத்தவனை ஞாபகம் வச்சிருக்கான்னு பகடை போட்டுத்தான் பாக்கணும். பத்துக்குக் கீழ விழுந்தா உன்னையே எரிச்சிடும்."

அமலா சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கடலுக்குள் கிடந்து கண்ணுக்குத் தெரியாமல் பெரிதாகிக்கொண்டிருக்கும் ஒன்று. அந்த வருஷம் அதை விளையாட்டாக நினைக்க என்னால் முடியவில்லை. வாரத்தில் இரண்டு நாளாவது அது கனவில் வரும். வெளியே சொன்னால் மானம் போகும் என்று சொல்லவில்லை.

அது முழுசாகும் ஞாயிறும் வந்தது. உப்பு வாரும் சமயம் என்பதால் அன்றைக்கும் வேலை நடந்தது. அமலாவின் அம்மா கழிமுகத்துப் பக்கத்துப் பாத்தியில் உப்பு வாரிக்கொண்டிருந்தார். உப்பு அறுத்து அறுத்து அவருக்கு இரண்டு காலிலும் புண். மெல்லத்தான் நடப்பார். நான் பகடையைக் கையில் வைத்துக் குலுக்கிக்கொண்டிருந்தேன். அப்போது ரோட்டுப் பக்கமிருந்து ஒரு குரல்.

"தண்ணி வருதாம்! ஓடுங்க!"

பகடை எங்கே விழுந்தது என்று தெரியாது. என் சைக்கிள்மேல் நான் எப்போது ஏறினேன் என்பதும் தெரியாது. ஜப்பார் ஓடிவந்து பின்னால் தொற்றிக்கொண்டான். அமலா மட்டும் எதிர்ப்பக்கம், பாத்தியைப் பார்த்து ஓடினாள். பாதி தூரத்தில் திரும்பிக் கத்தினாள்.

"டேய், சைக்கிளைக் குடுடா! அம்மாவால ஓட முடியாதுடா!"

"நிறுத்துடா, அமலா கூப்புடுறா" என்றான் ஜப்பார்.

நான் மிதித்தேன். அவன் இரண்டாம் முறை சொல்லவில்லை. திண்டிவனம் ரோட்டில் மூச்சு அடைக்கும்வரை மிதித்தேன். முதுகுக்குப் பின்னால் தண்ணீரின் சத்தம் கேட்டது. சத்தியமாகக் கேட்டது. அப்படி ஒரு சத்தமே இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

தண்ணீரும் வரவில்லை. யாரோ கிளப்பிவிட்ட புரளி. ஒரு மணிநேரம் கழித்துச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு திரும்பினோம். கொட்டகையில் அமலாவின் அம்மா உட்கார்ந்திருந்தார். புண் பிளந்து ரத்தம். அமலா குடத்துத் தண்ணீரை ஊற்றிக் கழுவிக்கொண்டிருந்தாள். அம்மாவை முதுகில் சுமந்துகொண்டு வரப்பில் வந்திருக்கிறாள்.

"எவ்ளோ தூரம் போனீங்க?" என்று என்னை மட்டும் பார்த்துக் கேட்டாள். ஏழாம் வகுப்பிலிருந்து என்னை 'டேய்' என்றே கூப்பிட்டவள்.

"ரொம்ப தூரம்."

"நான் கூப்ட்டது கேட்டுச்சா?"

"இல்ல" என்றேன்.

ஜப்பார் தலையைக் குனிந்துகொண்டான். அமலா அவனையும் பார்த்தாள், என்னையும் பார்த்தாள். மறுபடி காலைக் கழுவ ஆரம்பித்தாள்.

அடுத்த ஞாயிறும் மூவரும் உட்கார்ந்தோம். அமலா மண்ணில் தேடிப் பகடையை எடுத்து வைத்திருந்தாள். "போடுங்க" என்று நீட்டினாள். கையை நீட்ட முடியவில்லை எனக்கு. அதோடு ஆட்டம் நின்றது. என் டிராகன் முழுசாகவே இல்லை.

மறு வருஷம் ஜப்பார் துபாய் போனான். அமலா நர்சிங் படிக்கச் சென்னைக்குப் புறப்பட்டாள். அன்றைக்கு அவள் கூப்பிட்டது கேட்டுச்சு என்று சொல்வதற்காகவே பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து, "வெயில்ல நிக்காதீங்க, கெளம்புங்க" என்றாள். பஸ் போய்விட்டது.

இப்போது அந்தக் கொட்டகை இல்லை. புத்தகத்தைக் கரையான் தின்றுவிட்டது. ஜப்பாரின் பழைய நம்பரில் வேறு யாரோ ஹிந்தியில் பேசுகிறார்கள். அமலா எந்த ஊரில் இருக்கிறாள் என்று கேட்க மரக்காணத்தில் மிச்சமிருந்தவர் அவள் அம்மா ஒருவர்தான். போய்க் கேட்கலாம், போய்க் கேட்கலாம் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தேன். போன தை மாதம் அவரும் இறந்துவிட்டார்; காரியமெல்லாம் முடிந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது.