நாலு அங்குலக் குழாயும் சந்து வழக்கும்

கேஸ் மெக்கானிக்குக்கு எந்த வீட்டிலும் நல்ல பெயர் கிடையாது. அடுப்பு எரியாவிட்டால் திட்டுவார்கள், நன்றாக எரிந்தால் பயப்படுவார்கள். பிளம்பர், எலக்ட்ரீஷியன் என்று அடுத்தவர் சுவரில் துளை போட்டுப் பிழைக்கும் நீங்களெல்லாம் இதற்குச் சாட்சி. அரசாங்கம் இலவச அடுப்பு கொடுத்த நாளில் திருவாரூர்ப் பக்கம் ஊர் ஊராக அடுப்பு மாட்டித் தொழில் பழகியவன் நான். அத்தனை அடுப்பிலும் படாத பாட்டை ஒரே ஒரு துணி காயவைக்கும் மெஷினில் பட்டேன்.

அக்னி மூலை

சாம்பசிவம் ஐயா வீட்டுக்கு நான் போனது ஐப்பசி அடைமழையில். எட்டு நாளாக வெயில் இல்லை. பிரசவத்துக்கு வந்திருந்த மகளுக்கு இருபது நாள் குழந்தை. கூடம் முழுக்கக் கொடி கட்டி ஈரத்துணி. குனிந்துதான் நடக்க வேண்டும். ஈரம் காயாத துணியில் படுத்துக் குழந்தை தும்மிக்கொண்டே இருந்தது. வெளிநாட்டில் இருக்கும் மகன் கேஸில் ஓடும் மெஷினை அனுப்பியிருந்தான். துணியைப் போட்டு மூடினால் ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிடும்.

நம் சிலிண்டருக்கு ஒத்துவருமா என்று முதலில் பார்த்தேன், ஒத்துவந்தது. கொல்லைத் தாழ்வாரத்தில் நல்ல காற்றோட்டம், அங்கேயே வைக்கலாம் என்றேன். ஐயா விடவில்லை. நெருப்பு சம்பந்தப்பட்டது எதுவானாலும் தென்கிழக்கு அக்னி மூலையில்தானாம். அங்கே இருந்தது விதைநெல் மூட்டை அடுக்கிய அறை. மூட்டையை வெளியேற்றச் சொன்னேன். அதைச் செய்துகொண்டே அவர் சொன்னார்: "மெஷின் வெளிநாடா இருக்கலாம் தம்பி, நெருப்பு நம்மூரு நெருப்புதானே?"

கற்பூரம்

சிலிண்டரை நிமிர்த்தி வைத்து, டியூபை மாட்டி, இணைப்புகளில் சோப்பு நுரை தடவினேன். கசிவு இருந்தால் நுரை முட்டை விடும். ரெகுலேட்டர் பக்கம் ஒரு முட்டை மெல்ல உப்பிக்கொண்டிருந்தபோது, ஐயாவின் மனைவி குஞ்சம்மாள் தட்டில் கற்பூரத்தை ஏற்றிக்கொண்டு அறைக்குள் கால் வைத்தார்.

பாய்ந்து போய்த் தட்டைப் பிடுங்கி, வாசலுக்கு ஓடி வாயால் ஊதி அணைத்தேன். கற்பூரத்தை ஊதலாமா? பாவம்தான். பாவமெல்லாம் எனக்கு அப்புறம்தான் ஞாபகம் வந்தது. சிலிண்டரை மூடி, ஜன்னலைத் திறந்துவிட்டு, வாஷரை மாற்றி, மறுபடி நுரை தடவி, விஷயத்தை விளக்கினேன். அந்த அம்மாள் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "சாமி கும்பிட்டா வெடிக்கிற சாமானை எதுக்குத் தம்பி வீட்டுக்குள்ள மாட்டுறீங்க?"

சந்து

மெஷின் விடும் சூட்டையும் புகையையும் நாலு அங்குலத் தகரக் குழாய் வழியாக வெளியே அனுப்ப வேண்டும். அக்னி மூலைச் சுவருக்கு வெளியே ஒரு சந்து. அந்தப் பக்கம் ஐயாவின் தம்பி வைத்திலிங்கத்தின் வீடு. சந்து யாருக்கு என்று அண்ணன் தம்பிக்குள் கோர்ட்டில் வழக்கு. பாகம் பிரித்த நாளிலிருந்து பேச்சு கிடையாது. இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை.

டிரில்லின் முனை மறுபக்கம் எட்டிப் பார்த்ததுமே குடையோடு வந்து நின்றார் தம்பி. கையில் சந்தை அளந்து வரைந்த புலப்படம். என்னைப் பார்த்துப் பேசினாலும் சத்தம் அண்ணனுக்குக் கேட்கும்படிதான் இருந்தது: "இன்னைக்குக் குழாய் வரும், நாளைக்குப் பட்டா வரும்!"

புகையில் வளர்ந்தவர்கள்

"புகை வெளியில வேணாம், உள்ளேயே விட்டுடுங்க" என்றார் ஐயா. எனக்குக் கோபம் வந்துவிட்டது. அந்தப் புகையில் வாசனையே இல்லாத விஷக்காற்று சேரும், மூடிய வீட்டில் தூங்குகிறவர் எழுந்திருக்க மாட்டார், குழந்தைதான் முதலில் போகும் என்று பச்சையாகவே சொன்னேன். வேறு ஆளை வைத்து மாட்டிக்கொள்வதாகச் சொன்னார். ரெகுலேட்டரைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். முதுகுக்குப் பின்னால் கேட்டது: "நெல்லு அவிக்கிற புகையில வளர்ந்தவங்க நாங்க. எங்களுக்கே பாடம் சொல்றான் பாரு!"

அனுமதி

கோபத்தோடு நேரே தம்பி வீட்டுக்குப் போனேன். சட்டம் பேசப்போனவன், குழந்தை தும்முவதைத்தான் சொன்னேன். அவர் புலப்படத்தை மடித்து வைத்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, ஆணா பெண்ணா என்றார். பெண் என்றேன். யார் சாடை என்றார். அடுத்த வீட்டில் இருக்கும் பேத்தியை கேஸ்காரனிடம் விசாரிக்கிறாரே!

மறுநாள் காலை என்னை வரவழைத்து முத்திரைத்தாள் ஒன்றை நீட்டினார். குழாய் வெளியே வரலாம், அது குழந்தைக்காக மட்டும். அண்ணனுக்குச் சந்தில் எந்தப் பாத்தியதையும் கிடையாது என்று எழுதிக் கையெழுத்தும் போட்டிருந்தார். நான் கொண்டுபோய்க் கொடுத்ததும் ஐயா கண்ணாடியை மாட்டி இரண்டு தடவை படித்தார். பிறகு சொன்னார்: "மாட்டுங்க. எழுத்து மட்டும் இன்னும் கோழிக் கிறுக்கல்தான் அவனுக்கு."

வேட்டி

பத்து நாள் கழித்து மெஷினில் துணிப் பஞ்சு சேரும் வலையைச் சுத்தம் செய்யக் கற்றுக்கொடுக்கப் போனேன். குழந்தை தும்மாமல் தூங்கியது. சந்தில் குழாய்க்கு நேர் எதிரே, கிட்டத்தட்ட வாயை அடைத்தபடி, வைத்திலிங்கத்தின் ஈர வேட்டி தொங்கியது. குழாய் அடைத்தால் புகை வீட்டுக்குள் திரும்பும் என்று கத்தினேன். வைத்திலிங்கம் முகம் மாறி, ஓடிவந்து கொடியை மூன்றடி தள்ளிக் கட்டினார். ஆனால் உள்ளே இருந்து அண்ணன், "என் சூட்டுல அவன் வேட்டி காயுதா?" என்றதும் நிமிர்ந்துவிட்டார்: "நான் எழுதிக் கொடுத்தது குழாய்க்குத்தான். என் சந்துக்கு வந்த சூடு எனக்குத்தான்!"

சந்து இன்னும் கோர்ட்டில்தான் இருக்கிறது, அண்ணன் தம்பி இன்னும் பேசுவதில்லை, ஆனால் மழை நாளில் இரண்டு வீட்டுத் துணியும் ஒரே நெருப்பில்தான் காய்கிறது.